காயல் திறந்த செவ்வாய்க்கிழமை

என் தம்பி ஏழுமலை இறந்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் நாங்கள் கானாவுக்குப் போனோம். நானும் அவன் மனைவி கஸ்தூரியும். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். அவளுக்காக ஆங்கிலம் பேசப் போனவள் நான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தில் இறங்காமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் ஏழுமலை.

அவன் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன வேலை படித்தவன். எல்மினா என்கிற கடற்கரை ஊரில், மீனை உறைய வைக்கும் ஒரு கிடங்கில் நான்கு வருடம் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தான். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மீனவர் ஒருவரின் படகில் கடலுக்குள் போனான். படகு கவிழ்ந்தது. நான்கு பேர் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லையென்றால் இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் அவன் இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய எதுவும் சேராது. மனைவி நேரில் வந்து, பார்த்த சாட்சி ஒருவரோடு, அந்த ஊர் நீதிமன்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. கஸ்தூரி அந்தக் கடிதத்தைக் கையால் தொடவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு, தலையில் பூவோடு, வழக்கம்போல நூறு நாள் வேலைக்குப் போய்வந்தாள். தெருவில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பேசினார்கள். "பாடி எங்க கீது? காட்டிட்டு அப்பறம் பேசு" என்று கஸ்தூரி என்னிடமே கேட்டாள். ஆறாவது மாதம் அவளாக வந்து, "வரேன் அண்ணி. அந்த ஊரப் பாக்கணும்" என்றாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கே போனால் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

போய் இறங்கியது சனிக்கிழமை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய புடவைகளாக எடுத்துப் போயிருந்தோம். அங்கே மேகம், தூறல், ஈரக் காற்று. ஜூலை முழுக்க அப்படித்தானாம். கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எசி என்ற பெண் எங்களை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அந்தக் கடற்கரை மீனவர்கள் ஃபான்டி மக்கள். அவர்களுக்குப் பிறந்த கிழமைதான் பேர். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் எசி. நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அத்தனை நாளும் எங்கள் முன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் திண்டாடினாள்.

ட்ரோட்ரோ என்று ஒரு வேன். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவைக் கொஞ்சம் நீட்டி இழுத்த மாதிரி இருக்கும். ஆள் நிறையாமல் கிளம்பாது. நிறைந்து கிளம்பியது, பாதி வழியில் புகை விட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கஸ்தூரியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். தள்ளியும் ஓடவில்லை. டிரைவர் எங்கோ தண்ணீர் தேடிப் போனான். ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் இஞ்சியும் மிளகாயும் போட்டு வறுத்த வாழைப்பழத்துண்டுகளை ஒரு தாளில் வைத்து கஸ்தூரியிடம் நீட்டி ஏதோ கேட்டார். "திருவிழாவுக்கா வந்திருக்கிறீர்கள்?" என்று எசி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன சொல்வது?

"இன்னா கேட்டாங்க?" என்றாள் கஸ்தூரி.

"திருவிழாவுக்கு வந்தீங்களான்னு கேக்கறாங்க."

"இன்னா திருவிழா?"

எனக்குத் தெரியவில்லை. எசி சொன்னாள். எல்மினாவில் ஊருக்கு நடுவே ஒரு காயல் இருக்கிறது. கடல் உள்ளே வந்து தேங்குகிற ஏரி. வருடத்தில் சில வாரம் அதில் யாரும் வலை போடக் கூடாது. மூடி வைத்துவிடுவார்கள். ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை பூசாரி வந்து மூன்று முறை வலை வீசுவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் மீன் பிடிக்கலாம். காயல் திறப்பு. அவர்கள் பாஷையில் பகாதுவே. இன்னும் மூன்று நாளில்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கஸ்தூரி வாயில் போட்ட வாழைப்பழத்தை மெல்லாமல் என்னையே பார்த்தாள்.

"மூடி வெச்சிகீறாங்களா? அப்ப அதுக்குள்ள யாரும் தேடல?"

"படகு கவுந்தது வெளிய கடல்ல, கஸ்தூரி. காயல்ல இல்ல. அதுவும் நவம்பர்ல."

"கடல் தண்ணிதான உள்ள வருதுன்னு இப்ப சொன்ன?"

வேன் மறுபடி கிளம்பி, இருட்டும் நேரத்தில் எல்மினா வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போனோம். அவன் தங்கியிருந்த அறையில் இப்போது வேறு ஆள். அவன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பேண்ட், டூல் பை, இஸ்திரிப்பெட்டி, பாதி தீர்ந்த ஊறுகாய் பாட்டில். கஸ்தூரி ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். பூஞ்சை பிடித்திருந்தது. எறியச் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் எசி கென்கி வாங்கித் தந்தாள். புளிக்கவைத்த மக்காச்சோள மாவைச் சோளத் தோகையில் சுற்றி வேகவைத்த உருண்டை. பொரித்த மீனும், கறுப்பாக ஒரு மிளகாய்த் துவையலும். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கஸ்தூரி ஒரு உருண்டை முழுக்கத் தின்றாள். "புளிச்ச கூழக் கெட்டியாப் புடிச்சி வெச்ச மாதிரி கீது. அவரு நல்லாத்தான் துன்னுகினு இருந்திருப்பாரு" என்றாள். இந்தப் பயணத்தில் அவள் நிம்மதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சாயங்காலம் காயல் கரைக்கு நடந்தோம். ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த பெரிய கோட்டை. அந்தக் காலத்தில் மனிதர்களைப் பிடித்து அடைத்து வைத்துக் கப்பலில் ஏற்றிய இடம் என்று எசி சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் தண்ணீரைப் பார்த்தாள். கரை நெடுக வண்ணம் பூசிய மரப்படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. தண்ணீரில் ஒரு வலைகூட இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஏரியில் தண்ணீர் வற்றும்போது ஏலம் எடுத்தவர் மீன் பிடிப்பார், அதுவரை காவல் போட்டிருப்பார். ஆனாலும் யாராவது தூண்டில் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இங்கே காவல் என்று யாரும் இல்லை. தூண்டிலும் இல்லை.

திங்கட்கிழமை நீதிமன்ற அலுவலகம். ஒரு மர பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். சாட்சி வரவில்லை. படகுக்காரர் கொபினாதான் சாட்சி. அவர்தான் ஏழுமலையைக் கடைசியாகப் பார்த்தவர். போலீஸில் அவர் சொன்னது ஒரே வரி: அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வரவில்லை என்று எசி அப்போதுதான் சொன்னாள்.

"மனைவி முதலில் போடட்டும். சாட்சியைப் பிறகு பார்க்கலாம்" என்றார் குமாஸ்தா. நல்ல மனிதர்தான். பேனாவின் மூடியைக் கழற்றி கஸ்தூரியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இன்னா எழுதிகீது இதுல?" என்று கேட்டாள். நான் படித்துத் தமிழில் சொன்னேன். "கடலில் மூழ்கி இறந்தார் என்று நான் நம்புகிறேன்" என்று இருந்தது.

"நான் நம்பல" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. பாலத்தின் மேல் அவளைப் பிடித்தேன். எனக்கும் எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் கிளம்பிவிட்டது. அவன் என் தம்பி. எனக்குப் பின்னால் ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அவன் செத்துட்டான், கஸ்தூரி. நீ பூ வெச்சிக்கினா அவன் வந்துருவானா? எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா? புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

அவள் திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் காயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"நாளிக்கி வலை போடறாங்கள்ல. அத்தப் பாத்துட்டு சொல்றேன். அது வரிக்கும் என்ன பேஜார் பண்ணாத அண்ணி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் முழுக்கத் தெருவில் இருந்தது. பெண்கள் முடியைக் கோபுரம் போலக் கட்டி அதில் தங்க நிற நகைகள் செருகியிருந்தார்கள். மேளச் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. குலத் தலைவர்கள் பல்லக்கில் வந்தார்கள். மேலே அகலமான வண்ணக் குடைகள் சுழன்றுகொண்டே இருந்தன. எங்கள் ஊரில் பெருமாள் பல்லக்கில் வருவார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. இங்கே பல்லக்கில் மனிதர். அவருக்கு வியர்த்தது, கை அசைத்தார், ஒரு இடத்தில் பல்லக்கு சாய்ந்தபோது பயந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பழைய துப்பாக்கிகளை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கஸ்தூரி அசையவில்லை. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, கொண்டுவந்த சரிகைப் புடவையைக் கட்டியிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த இந்தியப் பெண் என்று நினைத்து இரண்டு பேர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, அது கடலுடைய நாள் என்று எசி சொன்னாள். எங்களுக்கும் செவ்வாய் அம்மனுக்கு உரிய நாள் என்றேன். அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

ஊர்வலம் காயல் கரையில் வந்து நின்றது. வெள்ளை உடுத்திய பூசாரிகள் முன்னால் வந்தார்கள். வேகவைத்து மசித்த கிழங்கில் சிவப்புப் பனை எண்ணெய் கலந்து, அதோடு முட்டையும் கொண்டுவந்து காயலுக்குப் படைத்தார்கள். தண்ணீரில் விழுந்த கிழங்கு எண்ணெயை விட்டுவிட்டு மூழ்கியது. எண்ணெய் மட்டும் சிவப்பாக மேலே படர்ந்தது. பிறகு பூசாரி வலையை எடுத்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் சத்தம் அப்படியே நின்றது.

கஸ்தூரி என் பக்கத்தில் இல்லை. தேடினால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கே போய்விட்டிருந்தாள். எசியும் நானும் பின்னாலேயே போனோம். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

முதல் வலை விரிந்து விழுந்தது. இழுத்தார்கள். கொஞ்சம் பாசியும் ஒரு பிளாஸ்டிக் பையும். இரண்டாவது வலையில் நாலைந்து பொடி மீன். கஸ்தூரி குனிந்து வலையின் ஒவ்வொரு கண்ணையும் பார்த்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. ஒரு துணி, ஒரு பெல்ட், ஏதாவது. மூன்றாவது வலை கனமாக வந்தது. வெள்ளி வெள்ளியாக மீன்கள் துள்ளின. கூட்டம் ஒரே குரலில் கத்தியது, மேளங்கள் மறுபடி தொடங்கின, பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இந்த வருடம் மீனுக்குக் குறைவில்லை என்று அர்த்தம் என்று எசி என் காதில் கத்தினாள்.

கஸ்தூரி நிமிர்ந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், கஸ்தூரி."

படகுகள் கொடிகளோடு காயலுக்குள் பாய்ந்தன. போட்டி தொடங்கிவிட்டது. நாங்கள் கூட்டத்திலிருந்து விலகி, கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தோம். அங்கேதான் கொபினா வந்தார்.

ஊரே வெள்ளையும் வண்ணமுமாக இருந்த நாளில் அந்த மனிதர் துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எசி எழுந்து நின்று, "இவர்தான்" என்றாள். அவர் எங்களுக்கு எதிரில் மணலில் மண்டியிட்டார். கஸ்தூரியின் முகத்தைப் பார்க்காமல் அவள் கால் பக்கம் பார்த்து ஃபான்டியில் பேசத் தொடங்கினார். எசி நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோலப் பேசிக்கொண்டே போனார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கையால் கயிறு பிடிப்பதுபோலக் காட்டினார். இன்னொரு கையை நீட்டினார்.

திடீரென்று கஸ்தூரி என் முழங்கையை இறுக்கினாள்.

"அண்ணி. அவரு தமிழ் பேசறாரு."

நானும் கேட்டேன். உடு. உடு. இரண்டு முறை. பிறகு இன்னொரு முறை.

எசி மெதுவாகச் சொன்னாள். கொபினாவின் படகு மோட்டாரை ஏழுமலைதான் சரிசெய்து கொடுத்தான். கடலில் எப்படி ஓடுகிறது பார்க்கலாம் வா என்று கொபினாதான் கூப்பிட்டார். கவிழ்ந்த பிறகு இரண்டு பேர் படகின் அந்தப் பக்கம் தொற்றிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் கொபினா ஒரு கையில் படகின் கயிற்றையும் இன்னொரு கையில் ஏழுமலையின் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். ஏழுமலைக்கு நீச்சல் அவ்வளவாகத் தெரியாது. வெகு நேரம் அப்படியே இருந்தார்கள். கயிறு கொபினாவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. இருவரும் மூழ்கி மூழ்கி வந்தார்கள். ஏழுமலை அந்தக் கையைப் பார்த்தான். பிறகு இவர் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அது உங்கள் கடவுளின் பேர் என்று நினைத்தேன் என்கிறார். அதனால் இவரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார். உடு, உடு என்று இரண்டு பேரும். அப்புறம் கையில் ஆள் இல்லை. அவன் விரலை எடுத்தானா, தான் விட்டுவிட்டேனா என்று தெரியவில்லை என்கிறார். போலீஸிடம் அலை என்று சொல்லிவிட்டார். இங்கே கடை வைத்திருக்கும் இந்தியர்களிடம் அர்த்தம் கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களைக் கேட்கிறார்."

நான் ஆங்கில ஆசிரியை. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் தேடுவதுதான் என் வேலை. விடு என்பதை எங்கள் பக்கம் உடு என்போம். கையை விடு என்றாலும் உடுதான். போகட்டும், பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னாலும் உடுதான். என் தம்பி அந்தத் தண்ணீரில் எதைச் சொன்னான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"இன்னா கேக்குறாரு?" என்றாள் கஸ்தூரி. எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, கை, கடவுளின் பேர், எல்லாம். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காயலில் யாரோ ஜெயித்துவிட்டார்கள்போல, பெரிய ஆரவாரம் வந்து அடங்கியது.

"பரவால்லன்னு அர்த்தம்னு சொல்லு அண்ணி."

"அது மட்டும் இல்லியே, கஸ்தூரி."

"அவரு இன்னாத்துக்கு சொன்னார்னு எனக்குத் தெரியாதா? கூட வாழ்ந்தவ நானு. இவருக்கு இது போதும். சொல்லு."

சொன்னேன். எசி ஃபான்டியில் சொன்னாள். கொபினா முதல் முறையாக கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை. அவளே அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையின் குறுக்கே தடித்த ஒரு தழும்பு. கயிறு பதிந்த இடம். அதை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். பிறகு அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் நான்கு பேரும் அழுதோம். தெருவில் போன ஒரு கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டு எங்களைக் கடந்த பிறகு மறுபடி தொடங்கியது.

புதன்கிழமை காலை கொபினா எங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "அந்த வார்த்தையையும் எழுதட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன். ஆங்கில எழுத்தில் மூன்றே எழுத்து. கொபினா கைநாட்டு வைத்தார். கஸ்தூரி தமிழில் தன் பேரை நிதானமாக எழுதினாள்.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் திருமுக்கூடலில் காரியம் வைத்தோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். மூன்றிலும் அப்போது மணல்தான். சடங்கு செய்ய வந்தவர் உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டிக்கொண்டே, "கொள்ளி வெக்க ஆம்பள யாரு?" என்று கேட்டார். ஆள் ஆளுக்கு ஒரு பங்காளியின் பேரைச் சொன்னார்கள். "நான் வெக்கிறேன்" என்றாள் கஸ்தூரி. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் முன்னால் வந்து நின்றாள்.

சடங்குக்குத் தண்ணீர் வேண்டும். கேனில் கொண்டுவந்த தண்ணீர் இருந்தது. அது வேண்டாம் என்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, முழங்காலிட்டு ஆற்று மணலைக் கையால் தோண்டினாள். நானும் எதிரில் உட்கார்ந்து தோண்டினேன். முழங்கை ஆழம் போன பிறகு மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் போனதும் அடியில் கலங்கலாகத் தண்ணீர் கசிந்தது. தெளிவதற்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.